படிப்பில் பின்தங்கும் பிள்ளைக்கு எந்த வழி: காத்திருப்பதா, அதே வகுப்பில் நிறுத்துவதா, டியூஷனா, பள்ளிக்குள்ளேயே சிறு குழுவா?

மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். பாடத்தை வாசிக்கச் சொன்னேன். விரல் வரிக்குக் கீழே நகர்ந்தது, குரலில் தடுமாற்றமே இல்லை. பாதியில் நிறுத்தி, "நான்காவது வரியிலிருந்து வாசி" என்றேன். விரல் நான்காவது வரிக்குப் போனது. வாய் மட்டும் முதல் வரியிலிருந்து தொடங்கியது. அங்கிருந்து ஓடிவந்தால்தான் அவனால் நான்காவது வரியைப் பிடிக்க முடியும். பக்கத்தில் இருப்பவர்கள் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டே முழுப் பாடத்தையும் காதால் கற்று வைத்திருந்தான். அவனுடைய முன்னேற்ற அறிக்கையில் மூன்று ஆண்டுகளாக ஒரே குறிப்பு: "கவனம் போதாது." அவற்றில் ஓர் ஆண்டின் குறிப்பை எழுதியவள் நான்.

இப்படி ஒரு பிள்ளை கண்ணில் பட்டதும் பெற்றோரும் ஆசிரியரும் உட்கார்ந்து பேசுகிறார்கள். பேச்சு எங்கே சுற்றினாலும் நான்கைந்து வழிகளில்தான் வந்து நிற்கும். சின்னப் பிள்ளைதானே, போகப் போகச் சரியாகிவிடும் என்று விடுவது. இதே வகுப்பில் இன்னோர் ஆண்டு உட்காரவைப்பது. மாலையில் டியூஷனுக்கு அனுப்புவது. பள்ளி நேரத்துக்குள்ளேயே சிறு குழுவாக உட்காரவைத்து, அவன் நிற்கும் இடத்திலிருந்து சொல்லித்தருவது. நிபுணரிடம் அழைத்துப்போய் என்ன பிரச்சினை என்று பார்ப்பது. இந்த ஐந்தும் நடப்பதைப் பல பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்காவதை உடனே தொடங்க வேண்டும். ஐந்தாவது அதனுடன் கூடவே நடக்கட்டும். முதல் இரண்டும் பெரும்பாலும் பிள்ளைக்கு நஷ்டம். டியூஷனைப் பொறுத்தவரை, அங்கே யார் எதைச் சொல்லித்தருகிறார் என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஆனால் எந்த வழிக்குப் போவதற்கு முன்பும் ஒரு வேலை இருக்கிறது. பிள்ளையை அருகில் உட்காரவைத்து, 20 நிமிடம், அவன் எங்கே சறுக்குகிறான் என்று பார்ப்பது. மதிப்பெண் பட்டியல் இதைச் சொல்லாது. தமிழில் பத்துக்கு மூன்று வாங்கிய மூன்று பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். ஒருத்தி 'கொடி'யைக் 'கெடி' என்று வாசிக்கிறாள். அவளுக்கு எழுத்து தெரியாமல் இல்லை. க தெரியும், கொம்பு தெரியும், துணைக்காலும் தெரியும். கொம்பும் காலும் எழுத்தின் இரண்டு பக்கமும் நின்று ஒரே ஒலியைத் தருகின்றன என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை. இடப்பக்கத்தைப் பார்த்ததும் முடிவு செய்துவிடுகிறாள். அடுத்தவன் ப, ட, ம் என்று ஒவ்வோர் எழுத்தையும் சரியாகச் சொல்கிறான். சேர்த்துச் சொல் என்றால் விழிக்கிறான். தனித்தனி ஒலிகள் ஒரு சொல்லாக உருகிச் சேரும் வித்தை அவனுக்கு வரவில்லை. மூன்றாமவள் 'மரம்' என்பதை 'மணி' என்கிறாள். முதல் எழுத்தைப் பார்க்கிறாள், மீதியை ஊகிக்கிறாள். மூவருக்கும் மதிப்பெண் ஒன்றுதான். ஆனால் ஒருத்திக்குத் தேவை ஒகர வரிசையில் ஒரு வாரப் பயிற்சி. மற்றவனுக்குப் பல மாதங்கள் ஒலியோடு விளையாட வேண்டும். மூன்றாமவளுக்குக் கடைசி எழுத்துவரை கண்ணைக் கொண்டுபோகும் பழக்கம் வேண்டும். மூவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பாடத்தைப் பத்து முறை எழுதச் சொன்னால் மூவரின் கையும் வலிக்கும். அதைத் தவிர ஒன்றும் நடக்காது.

கணக்கிலும் அப்படித்தான். 52-இலிருந்து 38-ஐக் கழிக்கச் சொன்னால் 26 என்று எழுதும் பிள்ளை கவனக்குறைவானவன் அல்ல. 61-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் 46 என்பான். அவனிடம் தெளிவான ஒரு விதி இருக்கிறது: ஒவ்வொரு பத்தியிலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழி. விதி தவறு, ஆனால் அதை அவன் ஒழுங்காகப் பின்பற்றுகிறான். அவனுக்கு நூறு கணக்கு கொடுத்தால் அந்தத் தவறான விதி நூறு முறை பழகிப்போகும். பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிக் கட்டு ஒன்றை அவன் கையாலேயே அவிழ்க்கச் சொன்னால், கடன் வாங்குவது என்றால் என்ன என்று ஓரிரு நாளில் புரிந்துவிடும்.

சில பிள்ளைகள் இந்த 20 நிமிடத்துக்குக்கூட வந்து சேர்வதில்லை. ஏனென்றால் தடுமாற்றத்தை மறைப்பதில் அவர்கள் கைதேர்ந்தவர்கள். வாசிப்பு நேரம் வந்ததும் பென்சில் சீவப் போகும் பையன், தண்ணீர் குடிக்க அனுமதி கேட்கும் பையன், தன் முறை வருவதற்குச் சற்று முன்பு பக்கத்திலிருப்பவனைக் கிள்ளி வெளியே நிறுத்தப்படும் பையன். வகுப்பின் முன் வாசிப்பதைவிட வெளியே நிற்பது அவனுக்கு எளிது. கரும்பலகையில் இருப்பதை முத்து முத்தாகப் பார்த்து எழுதும் அமைதியான சிறுமியைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். அவளால் யாருக்கும் தொந்தரவு இல்லை, அதனாலேயே அவள் நிலைமை யாருக்கும் தெரிவதில்லை. வீட்டில் தெரியும் அடையாளங்களும் உண்டு. பள்ளி நாள் காலையில் மட்டும் வரும் வயிற்றுவலி, விடுமுறையில் காணாமல் போய்விடும். அரை மணி நேர வீட்டுப்பாடம் இரண்டு மணி நேரம் இழுத்து அழுகையில் முடியும்.

கண்ணும் காதும் முதலில். இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் செய்துவிட்டு இதை விட்டுவிடுகிறோம். பலகை மங்கலாகத் தெரிவதுதான் எல்லோருக்கும் இயல்பு என்று பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கும், தானாகச் சொல்லாது. சீனாவில் 252 தொடக்கப் பள்ளிகளில் நடந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில், கிட்டப்பார்வை உள்ள பிள்ளைகளுக்கு இலவசமாகக் கண்ணாடி கொடுத்த பள்ளிகளில் கணக்கு மதிப்பெண் உயர்ந்தது. புதிய பாடமுறையோ புதிய ஆசிரியரோ இல்லை, வெறும் கண்ணாடி. காதுக்கும் இதே கதைதான். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்குச் செவிப்பறையின் பின்னால் நீர் கோத்துக்கொண்டால், ஒரு வாரம் நன்றாகக் கேட்கும், மறுவாரம் கேட்காது. வகுப்பில் அவனுக்குக் கிடைக்கும் பட்டம் "சொன்னதைக் கேட்பதில்லை". வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறொரு மொழி என்று வளரும் பிள்ளையையும் அவசரப்பட்டுப் பின்தங்கியவள் என்று எழுதிவிடக் கூடாது. அவளை அவளுடைய மொழியில் ஒரு கதை சொல்லச் சொன்னாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இனி வழிகளுக்கு வருகிறேன்.

காத்திருப்பதில் ஓர் ஆறுதல் இருக்கிறது. யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. "நானும் இப்படித்தான் இருந்தேன், பிறகு சரியாகிவிட்டேன்" என்று ஒரு தாத்தா எப்போதும் சொல்வார். சில விஷயங்களில் அவர் சொல்வது சரியும்கூட. ஆறு வயதில் எழுத்தைத் திருப்பி எழுதுவது பெரும்பாலும் இயல்பு. வகுப்பிலேயே வயதில் இளைய பிள்ளை மற்றவர்களைவிடப் பத்து, பதினொரு மாதம் சிறியவளாக இருக்கலாம். ஆறு வயதில் அது பெரிய இடைவெளி. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஏடிஎச்டி (கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறு) என்ற முத்திரை மற்றவர்களைவிட அதிகமாக விழுவதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் வாசிப்பைப் பொறுத்தவரை காலம் தானாக ஒன்றையும் சரிசெய்வதில்லை. கோனி ஜூவல் என்ற ஆய்வாளர் 54 பிள்ளைகளை முதல் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்புவரை தொடர்ந்து கவனித்து, 1988இல் முடிவை வெளியிட்டார். முதல் வகுப்பின் முடிவில் வாசிக்கத் தடுமாறிய பிள்ளை நான்காம் வகுப்பின் முடிவிலும் தடுமாறுவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 88. காரணம் மர்மமானதல்ல. வாசிக்கச் சிரமப்படுபவன் குறைவாக வாசிக்கிறான். குறைவாக வாசிப்பதால் புதிய சொற்கள் அவனிடம் சேர்வதில்லை. சொற்கள் இல்லாததால் அடுத்த பாடம் இன்னும் கடினமாகிறது. நான்காம் வகுப்புக்குப் பிறகு அறிவியலும் வரலாறும் வாசிப்பின் தோளில் ஏறித்தான் வருகின்றன. அப்போது ஒரு பாடத்தில் இருந்த ஓட்டை எல்லாப் பாடத்துக்கும் பரவிவிடுகிறது. காத்திருக்கத்தான் வேண்டுமென்றால் நாள்காட்டியில் ஒரு தேதியைக் குறித்துக் காத்திருங்கள். ஆறு வாரம், அதற்கு மேல் வேண்டாம்.

அதே வகுப்பில் நிறுத்திவைப்பதை நான் முன்பு நம்பினேன். அடித்தளம் உறுதியாகட்டுமே என்ற எண்ணம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடைமுறையில் அந்தப் பிள்ளைக்கு இரண்டாவது ஆண்டு கிடைப்பது என்ன? முதல் ஆண்டில் புரியாத அதே பாடம், அதே முறையில், பல சமயம் அதே ஆசிரியரிடமிருந்து. கூடவே தன்னைவிட ஒரு வயது சிறியவர்களின் நடுவே உட்காரும் அவமானமும். சிகாகோ நகரப் பள்ளிகள் 1990களில் தேர்வு மதிப்பெண்ணை வைத்து மூன்றாம், ஆறாம், எட்டாம் வகுப்புகளில் பிள்ளைகளை நிறுத்திவைத்தன. பின்னர் ஆராய்ந்து பார்த்தபோது மூன்றாம் வகுப்பில் நின்றவர்களுக்கு நிலைத்த பலன் எதுவும் தெரியவில்லை. ஆறாம் வகுப்பில் நின்றவர்களின் கற்றல் இன்னும் குறைந்திருந்தது. வயது ஏற ஏற, நிறுத்திவைக்கப்பட்ட பிள்ளை படிப்பையே விட்டுவிடும் ஆபத்தும் கூடுகிறது. எதிர்ப்பக்கத்துக்கும் ஓர் உதாரணம் உண்டு. புளோரிடாவில் மூன்றாம் வகுப்பில் நிறுத்தப்பட்டவர்கள் தொடக்க ஆண்டுகளில் நல்ல முன்னேற்றம் காட்டினார்கள். ஆனால் அங்கே நிறுத்தியதோடு விடவில்லை, கோடை வாசிப்பு முகாமும் தினமும் நீண்ட வாசிப்புப் பயிற்சியும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த உதவியைக் கொடுக்க முடியுமென்றால், பிள்ளையின் ஓர் ஆண்டைப் பறிக்காமலே கொடுக்கலாமே என்பதுதான் என் கேள்வி. நீண்ட நோயாலோ இடப்பெயர்வாலோ ஆண்டின் பெரும்பகுதி பள்ளிக்கே வராத பிள்ளைக்கு மட்டும் இந்த வழியை யோசிக்கலாம்.

பள்ளியை மாற்றுவது பற்றியும் பெற்றோர் கேட்பார்கள். பிள்ளை அவமானப்படுத்தப்படும் இடமென்றால் உடனே மாற்றுங்கள். மற்றபடி, சறுக்கும் இடம் எதுவென்று தெரியாமல் மாற்றினால் அதே சறுக்கல் புதுச் சீருடையில் தொடரும்.

டியூஷன் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். ஒருவருக்கு ஒருவர் என்று உட்கார்ந்து கற்பிப்பதன் வலிமையைப் பற்றி ஐயமே இல்லை. 1984இல் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் பெஞ்சமின் புளூம் அதைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. அவர் சொன்ன அளவுக்குப் பெரிய பலன் பிந்தைய ஆய்வுகளில் கிடைக்கவில்லை என்றாலும், நல்ல தனிப்பயிற்சி பின்தங்கிய பிள்ளையைத் தூக்கிவிடும் என்பது பலமுறை உறுதியாகியிருக்கிறது. ஆனால் டியூஷன் என்ற பெயரில் பெரும்பாலும் நடப்பது என்ன? அன்றைய வீட்டுப்பாடத்தை முடித்து அனுப்புவது, நாளைய தேர்வுக்கான விடையை மனப்பாடம் செய்யவைப்பது. 'கெடி' என்று வாசிக்கும் சிறுமி அங்கே கேள்வி பதிலை ஒப்பிக்கக் கற்றுக்கொள்கிறாள். மதிப்பெண் மூன்றிலிருந்து ஆறாகிறது, வீட்டில் நிம்மதி. வாசிப்பு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. இந்த நிம்மதிதான் எனக்குப் பயம். முன்பாவது மதிப்பெண் குறைவு என்ற அபாய மணி அடித்துக்கொண்டிருந்தது, இப்போது அதுவும் நின்றுவிட்டது. நாள் முழுக்கத் தோற்றுவிட்டு வரும் பிள்ளை மாலை ஆறு மணிக்கு எந்த நிலையில் இருப்பான் என்பதையும் நினைத்துப் பாருங்கள். தனிப்பயிற்சிதான் என்று முடிவு செய்தால் அந்த ஆசிரியரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "என் பிள்ளைக்கு எந்த இடத்தில் தடுமாற்றம்?" இரண்டு வாரம் கழித்தும் பாடத்தின் பெயரைத்தான் பதிலாகச் சொல்கிறார் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

தனியாக உட்காரவைத்தால் மட்டும் போதாது, சொல்லித்தரும் பொருளும் சரியாக இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. நியூசிலாந்தில் மேரி கிளே 1970களில் உருவாக்கிய வாசிப்பு மீட்புத் திட்டம் முதல் வகுப்புப் பிள்ளைக்குத் தினமும் 30 நிமிடம் தனிப்பயிற்சி தந்தது. பல நாடுகளுக்குப் பரவியது. தொடக்கப் பலன்கள் நன்றாகவே இருந்தன. ஆனால் அமெரிக்காவில் அந்தப் பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2022இல் வந்தபோது, மூன்றாம், நான்காம் வகுப்புகளில் அவர்கள், ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட மற்றப் பிள்ளைகளைவிடப் பின்னால் இருந்தார்கள். படத்தையும் சூழலையும் வைத்துச் சொல்லை ஊகிக்க அந்த முறை இடம் கொடுத்தது என்பது அதன்மீது நெடுநாளாக இருக்கும் விமர்சனம். 'மரம்' என்பதை 'மணி' என்று வாசித்த சிறுமியை நினைத்தால், அந்த விமர்சனத்தில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

என் மனம் சாய்வது பள்ளி நேரத்துக்குள்ளேயே நடக்கும் சிறு குழுவின் பக்கம். மூன்று முதல் ஐந்து பிள்ளைகள், வாரத்தில் நான்கைந்து நாள், அரை மணி நேரம். வகுப்பு எண்ணைப் பார்க்காமல் பிள்ளை நிற்கும் நிலையைப் பார்த்துக் குழு சேர்ப்பது. இந்த எண்ணத்தைப் பெரிய அளவில் செய்து காட்டியது இந்தியாவின் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு. பிள்ளைகளைச் சில நிமிட வாய்மொழிச் சோதனையில் எழுத்து, சொல், பத்தி, கதை என்று நிலை பிரித்து, நாளின் ஒரு பகுதியில் அந்தந்த நிலைக்கு ஏற்பக் கற்பித்தார்கள். 2019இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் இதைப் பல ஆண்டுகள் சோதித்துப் பார்த்து, பலன் உண்டு என்று காட்டினார்கள். ஜாம்பியா போன்ற ஆப்பிரிக்க நாடுகளும் பின்னர் இதை எடுத்துக்கொண்டன. பின்லாந்தின் பள்ளிகளில் இது வேறு வடிவில் இருந்துவந்திருக்கிறது. மருத்துவச் சான்றோ முத்திரையோ இல்லாமலே, பெருந்தொகையான பிள்ளைகள் சிறப்பாசிரியரிடம் வாரத்தில் சில மணி நேரம் போய்வருவார்கள். அத்தனை பேர் போய்வரும்போது அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதிலும் கவனிக்க வேண்டிய இரண்டு இடங்கள் உண்டு. விளையாட்டு நேரத்தையோ ஓவிய வகுப்பையோ பிடுங்கிக் குழு நடத்தக் கூடாது. நாள் முழுவதும் அவன் ஜெயிக்கும் இடம் அது ஒன்றுதான் என்று இருக்கலாம். அடுத்தது, குழு நிரந்தரமாகிவிடக் கூடாது. ஜூன் மாதம் 'மெல்லக் கற்போர்' குழுவில் உட்கார்ந்த பிள்ளை மார்ச்சிலும் அங்கேயே இருந்தால் நாம் உதவி செய்யவில்லை, ஓர் ஓரத்தை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறோம். எட்டு வாரத்துக்கு ஒருமுறை குழுவைக் கலைத்துப் புதிதாகச் சேர்க்க வேண்டும். இதற்கு ஆசிரியர் நேரம் வேண்டும் என்பது உண்மைதான். நாற்பது பேர் உள்ள வகுப்பில் தனியொரு ஆசிரியரால் இது முடியாது. தலைமையாசிரியர் கால அட்டவணையிலேயே அந்த அரை மணி நேரத்தை ஒதுக்கி, இரண்டு வகுப்புகளைச் சேர்த்து ஆசிரியர்களைப் பங்கிட வேண்டும். பெற்றோர் பள்ளியிடம் கேட்க வேண்டியதும் இந்த அரை மணி நேரத்தைத்தான்.

நிபுணரின் பரிசோதனை எங்கே பொருந்துகிறது? பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1896இல் ஒரு 14 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். கெட்டிக்காரன், விளையாட்டில் சூட்டிகையானவன், ஆனால் வாசிப்பு மட்டும் வரவில்லை. அறிவும் வாசிப்புத் திறனும் தனித்தனி என்பது அப்போதே பதிவாகிவிட்டது. இந்த வாசிப்புச் சிக்கலைக் குறிக்கும் டிஸ்லெக்சியா என்ற சொல் அதற்கும் முன்பே, 1887இல் வந்துவிட்டது. இன்றும் அந்தப் பெயர் கிடைத்ததும் அழுதுவிடும் பெற்றோரைப் பார்க்கிறேன். அதில் துக்கம் மட்டும் இல்லை. "சோம்பேறி என்று திட்டினேனே" என்ற வருத்தமும், இனித் திட்ட வேண்டியதில்லை என்ற நிம்மதியும் சேர்ந்தே இருக்கின்றன. பெயர் கிடைத்தால் தேர்வில் கூடுதல் நேரம், எழுதித்தர ஆள் போன்ற சலுகைகளுக்கு வழி திறக்கும். அவை அவனுக்கு உரியவை, தயங்காமல் கேளுங்கள். ஆனால் பரிசோதனை அறிக்கை வாசிக்கக் கற்றுக்கொடுக்காது. கூடுதல் நேரமும் கற்றுக்கொடுக்காது. அறிக்கை வந்த பிறகும் தேவைப்படுவது அதே அரை மணி நேரம்தான், இன்னும் நுணுக்கமாக, இன்னும் நீண்ட காலத்துக்கு.

அறிக்கை வரட்டும், பிறகு தொடங்கலாம் என்று நிற்பதுதான் தவறு. அமெரிக்காவில் நெடுங்காலம் அறிவுத்திறன் சோதனைக்கும் வாசிப்புத் தேர்வுக்கும் இடையே பெரிய இடைவெளி தெரிந்தால்தான் உதவி என்று வைத்திருந்தார்கள். அந்த இடைவெளி தெரியும்வரை பிள்ளை தோற்றுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. 2004இல் திருத்தப்பட்ட சட்டம், உதவியை முதலில் கொடுத்து, அதற்குப் பிள்ளை எப்படி முன்னேறுகிறான் என்பதை வைத்தும் முடிவு செய்யலாம் என்று வழிவிட்டது. எட்டு வாரம் தினசரி உதவி கிடைத்தும் அசையாத பிள்ளை, குடும்பத்தில் ஏற்கெனவே வாசிப்புச் சிக்கல் உள்ள பிள்ளை, பேச்சு தாமதமாக வந்த பிள்ளை ஆகியோரைச் சீக்கிரம் காட்டுங்கள். முன்பு தெரிந்ததை மறந்துகொண்டே வரும் பிள்ளையை ஒரு நாளும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். வண்ணக் கண்ணாடி, கண் பயிற்சி என்று டிஸ்லெக்சியாவுக்குத் தீர்வு விற்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். அவற்றுக்குச் சான்று இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2009இலேயே சொல்லிவிட்டது.

தொடங்கிய பிறகு முன்னேற்றத்தை அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பிள்ளையின் நிலைக்கு ஏற்ற ஒரு பத்தி, ஒரு கடிகாரம், ஒரு நோட்டு. ஒரு நிமிடத்தில் எத்தனை சொற்களைச் சரியாக வாசித்தான் என்று வாரத்துக்கு ஒருமுறை, அதே அளவு கடினமான புதிய பத்தியில் குறித்துவையுங்கள். ஒரு வாரம் எண்ணிக்கை இறங்கும், கவலை வேண்டாம். நான்கு வாரம் அது ஏறாமல் படுத்தே கிடந்தால் பிள்ளையை மாற்றச் சொல்லாதீர்கள், சொல்லித்தரும் முறையை மாற்றுங்கள்.

அந்த மூன்றாம் வகுப்புப் பையன் குழுவுக்கு வந்த முதல் நாள் என்னிடம் கேட்டான்: "டீச்சர், நான் மக்கா?" இல்லை என்று சொல்லி முதுகில் தட்டி அனுப்பியிருக்கலாம், அவன் நம்பியிருக்க மாட்டான். பாடப்புத்தகத்தைத் திறந்து, "இந்த முழுப் பாடத்தையும் ஒரு வரிகூட வாசிக்காமல் காதால் கேட்டே மனத்தில் ஏற்றியிருக்கிறாய். இந்த வகுப்பில் வேறு யாராலும் அது முடியாது. கண்ணுக்கு மட்டும் நாங்கள் சரியாகச் சொல்லித்தரவில்லை, அதை இப்போது தொடங்குவோம்" என்றேன். நோட்டில் முதல் வாரம் 11 சொல் என்று எழுதினோம். எட்டாவது வாரம் 29. அந்த எண்ணை அவனே எழுதினான். எழுதிவிட்டு, நான் கேட்காமலே, பத்தியின் நான்காவது வரியில் விரலை வைத்து அங்கிருந்து வாசிக்கத் தொடங்கினான்.